சின்னத்திரையில் ஒரு கடல், வாசலில் ஒரு கடல்

சீனன்குடாவில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் ஒரு மாலைப்பொழுதைக் கழிக்க நேர்ந்தது. மஃரிப் தொழுகை முடிந்து அயல்வீட்டாரும் வந்து அமர்ந்திருந்தனர். சிறுவர்கள் தொலைக்காட்சியின் முன் தரையில் அமர்ந்திருக்க, திரையில் நீலத் திமிங்கிலம் ஒன்று தன் குட்டியோடு மெல்ல மேலெழுந்துகொண்டிருந்தது. கரையில்லாத கடல், வானத்திலிருந்து நோக்கும் கமெரா, படகொன்றைத் தீக்குச்சி போலச் சிறிதாக்கிவிடும் அந்தப் பேருடல். அறையில் எவரும் பேசவில்லை. தேநீர்க் கோப்பைகள் ஆறிக்கொண்டிருந்தன.

மௌனத்தைக் கலைத்தவர் கிண்ணியாவிலிருந்து வந்திருந்த முதியவர். வாழ்நாள் முழுவதும் கடற்றொழில் செய்தவர். "தம்பி, இத நாங்க சின்ன வயசிலேயே கண்டிருக்கம். கச்சான் காலத்தில வெளிக்கடலுக்குப் போனா, வள்ளத்துக்குப் பக்கத்திலேயே தண்ணிய ஊதும்" என்றார். சிறுவன் ஒருவன் திரும்பிப் பார்த்து, "மெய்யாவா அப்பா? எங்கட கடல்லயா?" என்று கேட்டான். அவனது கண்களில் வியப்பைவிட ஐயமே மேலோங்கி நின்றது. திரையில் தோன்றியதை அவன் உடனே நம்பினான். தன் வீட்டு வாசலிலிருந்து சில மைல் தொலைவில் அதே உயிரினம் உலவுகிறது என்பதை அவனால் நம்ப முடியவில்லை.

அந்த ஐயமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று. வனஜீவராசிகள் பற்றிய விவரணப்படங்கள் நம்மை ஏன் இவ்வளவு ஆட்கொள்கின்றன? அவை எவ்வாறு உருவாகின்றன? அவற்றின் வரலாற்றில் நமது திருகோணமலைக் கடலுக்கு உரிய இடம் யாது? அந்த வியப்பு நம்மிடம் எதைக் கோருகிறது? இவற்றைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமாகும்.

ஆழம் கரைக்கு வந்த இடம்

சீனன்குடா என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவை விமானப்படைத் தளமும், பிரித்தானியர் காலத்தில் அமைக்கப்பட்ட 99 எண்ணெய்த் தாங்கிகளும், மா ஆலையும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நடத்திய குண்டுவீச்சுமே ஆகும். வல்லரசுகள் இத்துறைமுகத்தின்மீது கண்வைத்ததற்கு அதன் இயற்கையான ஆழமே காரணம். பெருங்கப்பல்களை இங்கு ஈர்த்த அதே ஆழமே திமிங்கிலங்களையும் ஈர்க்கின்றது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

பொதுவாக ஒரு நாட்டின் கரையிலிருந்து கடல் படிப்படியாகவே ஆழமாகும். பல மைல் தூரம் சென்ற பின்னரே பேராழம் தொடங்கும். திருகோணமலையிலோ நிலைமை வேறு. துறைமுகத்தின் வாயிலிலிருந்தே கடலடியில் பெரும் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, சிறிது தூரத்திலேயே ஆயிரம் மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்துக்கு இறங்கிவிடுகின்றது. மகாவலி கங்கை கொட்டியாரக்குடாவில் கலந்து, மலைநாட்டிலிருந்து அள்ளிவரும் சத்துக்களைக் கடலுக்கு வழங்குகின்றது. ஆழ்கடல் உயிரினங்களுக்குரிய உணவு கரைக்கு இவ்வளவு அண்மையில் கிடைக்கும் இடங்கள் உலகில் அதிகம் இல்லை.

ஆகவேதான் மார்ச் முதல் ஆகஸ்ட் வரையிலான காலத்தில், கிழக்குக் கடல் அமைதியுற்றிருக்கும்போது, நீலத் திமிங்கிலங்களும் ஸ்பேர்ம் திமிங்கிலங்கள் எனப்படும் பெருந்தலைத் திமிங்கிலங்களும் இங்கு காணப்படுகின்றன. சில வேளைகளில் சுவாமிமலையின் உச்சியில், கோணேசர் ஆலய முன்றிலில் நின்றவாறே அவை நீரைப் பீச்சுவதைக் காணமுடியும். உலகின் மிகப் பெரிய உயிரினத்தை வழிபாட்டுக்கு வந்த பக்தர் ஒருவர் கரையில் நின்று காணக்கூடிய இடம் என்பது எத்துணை அரிய பேறு!

தொலைக்காட்சி திறந்த கதவு

இலங்கையில் 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரியில் ஜப்பானிய அரசின் உதவியுடன் ரூபவாஹினியும் தமது ஒளிபரப்பைத் தொடங்கின. அக்காலத்தில் ஒரு தெருவுக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தாலே பெரிது. யுத்தம் மூண்டு மின்சாரம் தடைப்பட்ட ஆண்டுகளில் கார் பற்றரியில் பெட்டியை இயக்கிப் படம் பார்த்த தலைமுறை நம்முடையது. அந்தச் சிறிய, அடிக்கடி அதிர்ந்து கலங்கும் திரையிலும் ஆபிரிக்கச் சமவெளியில் சிறுத்தை பாயும்போது நாம் மூச்சை அடக்கிக்கொண்டோம். ஊரடங்கு வேளையில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்களுக்கு, எல்லையற்ற வெளியில் உயிர்கள் ஓடித் திரிவதைக் காண்பது ஒருவகை விடுதலையாகவே இருந்தது.

உலகளவில் இத்துறைக்குப் புதிய உயரத்தை அளித்தவர்களுள் பிபிசி நிறுவனத்தின் டேவிட் அட்டன்பரோ முதன்மையானவர். பிரிஸ்டல் நகரில் இயங்கும் அந்நிறுவனத்தின் இயற்கை வரலாற்றுப் பிரிவு 1957இல் தொடங்கப்பட்டது. 1979இல் வெளிவந்த 'லைஃப் ஒன் ஏர்த்' தொடர், உயிரின் பரிணாம வரலாற்றைப் பாமரரும் விளங்கும் வகையில் விருந்தறைக்குக் கொண்டுவந்தது. 2001இல் வெளியான 'த புளூ பிளனட்' தொடர் தொடக்கத்திலேயே நீலத் திமிங்கிலத்தைக் காட்டிப் பார்வையாளரைப் பிரமிக்க வைத்தது. 2006இல் 'பிளனட் ஏர்த்' தொடர் உயர்தெளிவுக் கமெராவின் துணையுடன் வந்தது. பாகிஸ்தானின் பனிமலைச் சரிவில் பனிச்சிறுத்தை இரையைத் துரத்தும் அக்காட்சியைக் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

இத்தகைய படங்களைக் காணும்போது எழும் வியப்பு வெறும் பொழுதுபோக்கு அன்று. நாம் இல்லாத இடத்தில், நம்மைப் பற்றிய எவ்விதச் சிந்தனையும் இன்றி, ஒரு பெருவாழ்வு நடந்துகொண்டிருக்கிறது என்ற உணர்வே அது. மனிதன் தன்னை உலகின் நடுவில் வைத்து எண்ணிப் பழகியவன். ஒரு நல்ல விவரணப்படம் அவனை அந்த நடுவிடத்திலிருந்து அரை மணிநேரமாவது மெல்ல நகர்த்தி வைக்கின்றது.

நமது கடலில் சுழன்ற கமெரா

கடலடி உலகைத் திரைக்குக் கொண்டுவந்த முன்னோடி பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் கூஸ்டோ. 1956இல் வெளியான அவரது 'மௌன உலகம்' என்ற படம் கான் திரைப்பட விழாவின் உயர் விருதையும், பின்னர் ஒஸ்கார் விருதையும் வென்றது. அதே 1956ஆம் ஆண்டில்தான் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இலங்கையைத் தமது வாழ்விடமாக்கிக்கொண்டார். அவரும் அவரது நண்பர் மைக் வில்சனும் அவ்வாண்டிலேயே சுவாமிமலையின் அடிவாரக் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயரால் தகர்க்கப்பட்ட கோணேசர் ஆலயத்தின் தூண்களையும் சிற்பச் சிதைவுகளையும் கண்டனர். வில்சன் பின்னர் 1962இல் வெளிவந்த 'ரன்முத்து தூவ' என்ற சிங்களத் திரைப்படத்தில் கடலடிக் காட்சிகளை வண்ணத்தில் காட்டினார். முழுநீள வண்ணத்தில் வந்த முதலாவது சிங்களப் படம் அதுவே.

ஆயினும் இத்துறையில் திருகோணமலைக்கு உலகப் புகழ் சேர்த்தவை திமிங்கிலங்களே. 1979இல் சர்வதேசத் திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களுக்கான சரணாலயமாகப் பிரகடனம் செய்தது. வேட்டை நின்றுவிட்ட கடலில் உயிருள்ள திமிங்கிலங்களை ஆராய வேண்டும் என்ற எண்ணம் அதனைத் தொடர்ந்து வலுப்பெற்றது. அதுவரை திமிங்கிலங்களைப் பற்றி மனிதன் அறிந்தவற்றுள் பெரும்பகுதி, கொல்லப்பட்ட உடல்களை அறுத்து அறிந்தவையே. 1982ஆம் ஆண்டு முதல், உலக வனஜீவராசிகள் நிதியத்தின் ஆதரவுடன் 'ரூலிப்' என்ற சிறிய பாய்க்கப்பல் இலங்கைக் கடலுக்கு வந்தது. ஹால் வைட்ஹெட் என்ற விஞ்ஞானியும் அவரது குழுவினரும் அதில் தங்கி, ஸ்பேர்ம் திமிங்கிலங்களைக் கொல்லாமல், துரத்தாமல், பின்தொடர்ந்து ஆராய்ந்தனர்.

இருண்ட ஆழத்தில் மறையும் உயிரினத்தைப் பாய்க்கப்பல் ஒன்று எவ்வாறு பின்தொடரும் என்ற வினா எழுவது இயல்பு. விடை ஒலியில் இருந்தது. ஸ்பேர்ம் திமிங்கிலம் இரைதேடும்போது 'டிக் டிக்' என்ற ஓசையை இடையறாது எழுப்பி, அதன் எதிரொலியைக் கொண்டு கணவாய்களைக் கண்டறிகின்றது. கடலுக்குள் இறக்கப்பட்ட ஒலிவாங்கி மூலம் அவ்வோசையைச் செவிமடுத்தவாறே இரவுபகலாக அவற்றோடு செல்ல முடிந்தது. தாய்மாரும் குட்டிகளும் சேர்ந்து குடும்பமாக வாழ்வதும், ஆயிரம் மீற்றருக்கு அப்பால் முக்கால் மணிநேரம் வரை மூழ்கி இரைதேடுவதும், மேற்பரப்பில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு ஓய்வெடுப்பதும் நேரில் பதிவாயின. 1983ஆம் ஆண்டில் திருகோணமலைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்களும் அவதானிக்கப்பட்டன.

இந்த ஆய்வை 1984 டிசம்பரில் நஷனல் ஜியோகிரபிக் சஞ்சிகை வண்ணப்படங்களுடன் வெளியிட்டது. 1980களின் நடுப்பகுதியில் ஜேம்ஸ் டொனால்ட்சன் உருவாக்கிய 'வேல்ஸ் வீப் நொட்' என்ற விவரணப்படமும் நமது கடலிலேயே எடுக்கப்பட்டது. ஸ்பேர்ம் திமிங்கிலங்களை அவற்றின் உலகிலேயே, நீருக்கடியில் காட்டிய ஆரம்பகாலப் படங்களுள் அதற்கு முக்கிய இடமுண்டு. கதைகளில் கப்பலைக் கவிழ்க்கும் அரக்கனாகச் சித்திரிக்கப்பட்டுவந்த உயிரினம், மூழ்கிய மனிதனை அமைதியாகப் பார்த்துவிட்டு விலகிச் செல்லும் காட்சியை உலகம் கண்டது.

ஆனால் அப்படத்தை நம்மில் எத்தனைபேர் கண்டோம்? 1983 ஜூலைக்குப் பின்னர் இத்தீவின் வரலாறு வேறு திசையில் சென்றது. கிழக்குக் கடல் பாதுகாப்பு வலயமாயிற்று. இரவு மீன்பிடி தடைப்பட்டது. குறித்த தூரத்துக்கு அப்பால் வள்ளங்கள் செல்ல முடியாதிருந்தது. கடலில் மிதப்பது திமிங்கிலமா படகா என்று அஞ்சிய காலம் அது. வெளிநாட்டு வீடுகளின் திரைகளில் திருகோணமலைத் திமிங்கிலங்கள் உலவிக்கொண்டிருந்தபோது, திருகோணமலை மக்களுக்கு அவர்களது கடல் மூடப்பட்டிருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் ஏனைய கரையோரக் கிராமங்களையும் சூறையாடியபோது, எஞ்சியிருந்த உறவும் அச்சமாக மாறியது. அந்தச் சிறுவனின் ஐயத்துக்குப் பின்னால் இந்த நீண்ட வரலாறு இருக்கின்றது.

அழகுக்குப் பின்னால் உள்ள உழைப்பும் உண்மையும்

திரையில் இரண்டு நிமிடம் ஓடும் ஒரு காட்சிக்காகப் படப்பிடிப்பாளர் வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் காத்திருக்கிறார். மறைவிடத்தில் அசையாதிருந்து, குளிரையும் நுளம்பையும் சகித்து, இறுதியில் வெறுங்கையுடன் திரும்புவதும் உண்டு. ஹெலிகொப்ரரின் அதிர்வு படத்தில் தெரியாதவாறு கமெராவை நிலைநிறுத்தும் கருவி வந்த பின்னரே, விலங்குகளைக் கலைக்காமல் வெகு உயரத்திலிருந்து அண்மைக் காட்சிகளை எடுக்க முடிந்தது. ஒரு நொடியை ஆயிரம் படங்களாகப் பிரிக்கும் அதிவேகக் கமெராவே சுறாவின் பாய்ச்சலை நமக்கு நிதானமாகக் காட்டுகின்றது. கடலடியில் நிலைமை மேலும் கடினம். சுவாச உருளையிலிருந்து எழும் குமிழிகளின் ஓசை திமிங்கிலங்களைக் கலைத்துவிடக்கூடும் என்பதால், பல படப்பிடிப்பாளர்கள் மூச்சை அடக்கி மூழ்கியே அவற்றைப் படமாக்குகின்றனர். நமது முத்துக்குளிப்போரின் பழைய வித்தைதான் அது!

அதேவேளை, திரையில் காண்பன யாவும் நிகழ்ந்தவாறே காட்டப்படுவதில்லை என்பதையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நன்று. தொலைதூர வில்லைகளால் எடுக்கப்படும் காட்சிகளுக்கு உரிய ஒலியைப் பெரும்பாலும் பதிவுசெய்ய முடியாது. ஆகவே ஒலிக்கூடத்தில் அவ்வோசைகள் பின்னர் உருவாக்கப்படுகின்றன. பனிக்கரடி பனியில் நடக்கும் ஓசை, மாத்தூள் நிரப்பிய பையை நசுக்குவதால் கிடைப்பது என்றறிந்தால், மா ஆலைக்கு அயலில் வாழும் சீனன்குடா மக்கள் புன்னகை செய்யக்கூடும். வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு விலங்குகளைக் கொண்டு எடுத்த காட்சிகள் ஒரே விலங்கின் ஒருநாட் கதையாகத் தொகுக்கப்படுவதும் உண்டு. 2011இல் வெளியான 'ஃபுரோசன் பிளனட்' தொடரில், பனிக்கரடிக் குட்டிகள் பிறந்த காட்சி ஐரோப்பிய விலங்குக் காப்பகம் ஒன்றில் எடுக்கப்பட்டது என்பது தெரியவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது.

இவை ஓரளவு மன்னிக்கத்தக்கவை. மன்னிக்கவொண்ணாதவையும் உண்டு. 1958இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்டு ஒஸ்கார் விருதும் பெற்ற 'வைட் வில்டர்னஸ்' படத்தில், லெமிங் என்ற எலியினம் கூட்டங்கூட்டமாகக் கடலில் பாய்ந்து தற்கொலை செய்வதாகக் காட்டப்பட்டது. உண்மையில் அவை படப்பிடிப்புக்காகக் கொண்டுவரப்பட்டுப் பாறையிலிருந்து தள்ளப்பட்டவை என்பது பின்னர் அம்பலமாயிற்று. அந்தப் பொய்யை இன்றும் உண்மையென நம்புவோர் உலகெங்கும் உள்ளனர். கூஸ்டோவின் 'மௌன உலகம்' படத்திலும், கப்பலின் விசிறியில் அடிபட்டுத் திமிங்கிலக் குட்டி ஒன்று இறப்பதும், அதனை உண்ணவந்த சுறாக்களை மாலுமிகள் அடித்துக் கொல்வதும் இடம்பெற்றுள்ளன. பிற்காலத்தில் கடலின் பாதுகாவலராகப் போற்றப்பட்டவரின் படத்திலேயே இது நிகழ்ந்தது என்பது நமக்கு ஒன்றை உணர்த்துகின்றது. ஓர் உயிரை நேசிப்பது எவ்வாறு என்பதை மனிதன் உடனே கற்றுக்கொள்வதில்லை. கமெராவும் கற்றுக்கொள்ளக் காலம் எடுத்தது.

நம்மிடம் இருந்த வியப்பு

வியப்பதற்குத் தொலைக்காட்சி வந்துதான் நமக்குக் கற்பிக்க வேண்டும் என்றில்லை. 'திமிங்கிலம்' என்ற சொல்லே 'திமி' என்னும் பெருமீனை விழுங்குவது எனப் பொருள்படும். அதனையும் விழுங்கவல்லது 'திமிங்கிலகிலம்' எனப் பழைய நூல்கள் கற்பனை செய்தன. கடலின் பெருமையை அளவிட முடியாது தவித்த மனங்கள் படைத்த சொற்கள் இவை. திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடியபோது, ஆலயத்தோடு ஆர்ப்பரிக்கும் கடலையும் அது கரைசேர்க்கும் செல்வங்களையும் சேர்த்தே பாடினார். அக்கடலின்றி அத்தலம் இல்லை.

முஸ்லிம் மக்களின் மரபிலும் பெருமீனுக்கு ஆழ்ந்த இடமுண்டு. யூனுஸ் நபி மீனின் வயிற்றிருளில் இருந்து இறைவனை அழைத்த வரலாற்றைப் பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் அறிவான். அபூ உபைதா அவர்களின் தலைமையில் சென்ற படையினர் பசியால் வாடியபோது, 'அன்பர்' எனப்பட்ட பெருமீன் ஒன்று கரையொதுங்கியதும், அதன் விலாவெலும்பை நிறுத்தியபோது ஒட்டகத்தில் அமர்ந்தவர் அதன் கீழே செல்ல முடிந்ததும் ஹதீஸில் பதிவாகியுள்ளன. வாசனைத் திரவியமாகிய அம்பரும் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் குடலிலிருந்தே கிடைக்கின்றது. அரபு வணிகர்கள் அதனைத் தேடிக் கடல் கடந்தனர். ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டது, வானம் எவ்வாறு உயர்த்தப்பட்டது என்பவற்றை உற்றுநோக்குமாறு திருக்குர்ஆன் மனிதனைத் தூண்டுகின்றது. உற்றுநோக்குதல் என்பது இரு சமூகங்களின் மரபிலும் வழிபாட்டுக்கு அண்மையில் இருக்கும் ஒரு செயலே.

ஆகவே விவரணப்படம் நமக்கு அந்நியமான ஒன்றைக் கொண்டுவரவில்லை. யுத்தத்திலும் இடப்பெயர்விலும் அன்றாட அல்லலிலும் நாம் தவறவிட்ட பழைய பார்வையையே அது நமக்குத் திருப்பித் தருகின்றது.

வியப்பு செயலாகிய நாட்கள்

2017ஆம் ஆண்டு மே மாத இறுதியில் சம்பூர்க் கரையில் சுமார் இருபது பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கித் தவித்தன. 2006இல் யுத்தத்தால் இடம்பெயர்ந்து, ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அகதி வாழ்வு வாழ்ந்து, அப்போதுதான் தம் மண்ணுக்குத் திரும்பியிருந்த மக்களின் ஊர் அது. ஊரவர்களும் கடற்படையினரும் சேர்ந்து அவ்வுயிர்களைப் பாடுபட்டு ஆழ்கடலுக்கு மீட்டனுப்பினர். திரும்பிச் செல்ல வழியின்றிக் கரையில் கிடப்பது எத்தகையது என்பதைச் சம்பூர் மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதே ஆண்டு ஜூலையில், கொக்கிளாய்க்கு அப்பால் கடலில் அடித்துச் செல்லப்பட்ட யானை ஒன்றைக் கடற்படைச் சுழியோடிகளும் வனஜீவராசிகள் திணைக்களத்தினரும் கயிறுகட்டிக் கரைசேர்த்தனர். தும்பிக்கையை மட்டும் நீருக்கு மேலே நீட்டியவாறு அது நீந்திய காட்சி உலகத் தொலைக்காட்சிகள் அனைத்திலும் இடம்பெற்றது. இரு வாரங்களுக்குள் திருகோணமலைத் துறைமுகத்துக்கு அண்மையில் மேலும் இரு யானைகள் மீட்கப்பட்டன. 2020 நவம்பரில் பாணந்துறையில் நூற்றுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையொதுங்கியபோது, பிரதேச மக்கள் இரவிரவாக நீரில் நின்று அவற்றுள் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றினர். எவ்விதத் தயாரிப்புச் செலவுமின்றி எடுக்கப்பட்ட இந்தக் காட்சிகளும் விவரணப்படங்களே. அவற்றில் மனிதன் வெறும் பார்வையாளனாக இருக்கவில்லை.

காணத் தவறுபவை

ஆயினும் நாணத்தக்க பக்கமும் நம்மிடம் உண்டு. திரையில் வண்ணமீன்களைக் கண்டு மகிழும் அதே மாவட்டத்தில்தான் தடைசெய்யப்பட்ட வெடிவைத்து மீன்பிடிக்கும் வழக்கம் நீங்காதிருக்கின்றது. ஒரு வெடியில் சிலருக்கு ஒருநாட் கூலி கிடைக்கலாம். ஆனால் முருகைக்கற்பாறை ஒன்று மீள வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாமலைத் தீவில், பவளப்பாறைகளை மிதித்தவாறு புகைப்படம் எடுப்போரைக் காண்கின்றோம். திருகோணமலை நகரில் கோட்டைப் புள்ளிமான்கள் குப்பைமேட்டில் பொலித்தீனைத் தின்னும் காட்சி அன்றாடம் நிகழ்கின்றது. செரங்கெட்டியின் மான்களுக்காக இரங்கும் நாம், வீட்டுவாசலில் நிற்கும் மானுக்கு எறிவது எச்சிற்பொதியையே.

பெருங்கடலில் ஆபத்து வேறு வகையானது. நமது தீவைச் சூழவுள்ள நீலத் திமிங்கிலங்கள், ஏனைய கடல்களில் உள்ளவற்றைப் போன்று குளிர்க்கடலை நாடி நெடுந்தூரம் வலசை செல்வதில்லை. இந்த வெப்பக் கடலிலேயே இரைதேடி வாழ்கின்றன என்பதை 2003ஆம் ஆண்டு முதல் இலங்கை விஞ்ஞானி ஆஷா டி வோஸ் தமது ஆய்வுகளால் எடுத்துக்காட்டினார். தென்கரையில் அவை இரைதேடும் இடத்தின் ஊடாகவே உலகின் மிகப் பரபரப்பான கப்பற்பாதைகளுள் ஒன்று செல்கின்றது. கப்பல் மோதி இறக்கும் திமிங்கிலங்கள் பற்றிய குரல் பல ஆண்டுகளாக எழுந்ததன் பின்னர், உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்எஸ்சி 2022இல் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல்மைல் தெற்கே திருப்பிச் செலுத்த முன்வந்தது. ஓர் இளம் ஆய்வாளரின் உற்றுநோக்கல் கப்பல்களின் பாதையை மாற்றவல்லது என்பதற்கு இது சான்றாகும்.

நமது பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியை எவர் சொல்வது? இதுவே முக்கிய வினா. உலகத் தரமான விவரணப்படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. தமிழில் மொழிமாற்றம் செய்யப்படுபவற்றிலும் பெரும்பகுதி ஆபிரிக்காவையும் துருவத்தையும் பற்றியவை. நமது கடலைப் பற்றி, நமது மொழியில், நமது கடற்றொழிலாளரின் சொற்களைக் கொண்டு எடுக்கப்பட்ட படங்கள் மிக அரிது. தமிழகத்தில் முதுமலையின் தெப்பக்காடு யானைகள் முகாமைக் களமாகக் கொண்டு கார்த்திகி கொன்சால்வ்ஸ் இயக்கிய 'த எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' என்ற குறும்படம் 2023இல் ஒஸ்கார் விருது பெற்றது. பொம்மன், பெள்ளி என்னும் பழங்குடித் தம்பதியினர் தமது மொழியிலேயே பேசி, தாம் வளர்த்த யானைக்குட்டியின் கதையைச் சொல்கின்றனர். காட்டில் வாழ்பவனே காட்டின் கதையைச் சொல்லும்போது அதற்குக் கிடைக்கும் உண்மை வேறு எவராலும் வழங்க முடியாதது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உள்ள முதிய கடற்றொழிலாளர்கள், எந்த மாதத்தில் எந்த நீரோட்டத்தில் எந்த உயிரினம் வரும் என்பதை ஏட்டில் எழுதாமலே அறிந்தவர்கள். அவர்களோடு அந்த அறிவும் மறைந்துகொண்டிருக்கின்றது. இன்று ஒவ்வோர் இளைஞனின் கையிலும் உள்ள கைத்தொலைபேசி, ரூபவாஹினி தொடங்கிய காலத்துக் கமெராவைவிடத் தெளிவாகப் படமெடுக்க வல்லது. பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்களும், பள்ளிவாசல், ஆலய நிர்வாகங்களும், கடற்றொழிலாளர் சங்கங்களும் இணைந்து முயன்றால், அம்முதியவர்களின் சொற்களைப் பதிவுசெய்வது பெருஞ்செலவுக்குரிய காரியமன்று. வருடத்தில் ஒருநாளேனும் மாணவர்களைக் கடலுக்கு அழைத்துச் சென்று, சட்டம் விதித்த தூரத்தைப் பேணி, திமிங்கிலங்களைக் காட்டுவதும் இயலாததன்று. யுத்தத்தின் பின்னர் அக்காட்சியைக் காண வெளிநாட்டவர் பணம் செலுத்தி வருகின்றனர். கரையில் வாழும் பிள்ளை அதைக் காணாமலே வளர்வது நியாயமாகாது.

அன்று இரவு படம் முடிந்து விளக்கைப் போட்டபோது, அந்தச் சிறுவன் முதியவரின் அருகில் சென்று அமர்ந்துகொண்டான். "அப்பா, அது எப்பிடிச் சத்தம் போடும்?" என்று கேட்டான். முதியவர் சற்று யோசித்து, வாயைக் குவித்து, நெடுமூச்சு ஒன்றை விட்டுக் காட்டினார். பிள்ளைகள் யாவரும் சிரித்தனர். பின்னர் ஒவ்வொருவராக அவ்வாறே ஊதிப் பார்த்தனர். தொலைக்காட்சி அணைக்கப்பட்டிருந்தது. எவரும் அதனைக் கவனிக்கவில்லை.